தகரப் பெட்டிக்குள் ஒரு கணினி

வீட்டுப் பரணில் கிடந்த 24 அங்குல டிரங்குப் பெட்டியைக் கணினிக்கு உறையாக மாற்றிய வேலையின் பதிவு இது. விடுதிக்குப் போகும் மாணவர்களும் வேலை மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகிறவர்களும் ஒரு காலத்தில் தூக்கிச் சென்ற, மூடியில் கொண்டியும் இரு ஓரங்களில் மடக்குக் கைப்பிடியும் வைத்த சாதாரணத் தகரப் பெட்டிதான் அது. நீளம் 24 அங்குலம், அகலம் 14 அங்குலம், மூடியோடு உயரம் 10 அங்குலம். குடும்பப் புகைப்படங்களையும் காணொளிகளையும் சேமித்துவைக்கும் கணினி ஒன்று கூடத்து மூலையில் ஓயாமல் ஓட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கேபினெட் வாங்குவதைவிட இந்தப் பெட்டியே பொருத்தம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் கேபினெட் செய்கிறவர்கள் பெரும்பாலும் மரத்தையோ பிளைவுட்டையோதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுப்பதும் ஒட்டுவதும் எளிது, பார்வைக்கும் அழகு. ஆனால் மரத்தில் எர்த் இல்லை. கணினியிலிருந்து வெளிவரும் மின்காந்த இரைச்சலையும் அது தடுப்பதில்லை. வெப்பம் மரத்தின் வழியே வெளியேறுவதும் மிகச் சொற்பம். தகரம் இந்த மூன்றையும் தருகிறது. அதற்குப் பதிலாக மெல்லிய தகட்டின் அதிர்வையும் கூர்மையான விளிம்புகளையும் நம் தலையில் கட்டுகிறது. இந்த இரண்டையும் பொறுமையாகக் கையாள முடிந்தவருக்கு மரத்தைவிடத் தகரமே நல்ல பொருள் என்பது இந்த வேலைக்குப் பிறகு என் உறுதியான கருத்து.

கைக்குக் கிடைத்த பொருளில் கணினிக்கு வீடு கட்டுவது புதிய பழக்கமும் அல்ல. 1976இல் 666.66 டாலருக்கு விற்கப்பட்ட ஆப்பிள்-1 வெறும் சர்க்யூட் போர்டாகத்தான் வந்தது. விசைப்பலகை, டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி எல்லாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும் என்பதால் சிலர் அதற்கு மரப்பெட்டி செய்து வைத்தார்கள். 1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் தங்கள் தேடுபொறி ஆய்வுக்காகத் தலா 4 ஜிபி கொள்ளளவுள்ள பத்து ஹார்ட் டிஸ்க்குகளைக் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன கூட்டில் அடுக்கியிருந்தார்கள். ஆனால் இன்று நம் போன்றவர்களுக்கு இந்த வேலை கைகூடுவதற்கு உண்மையான காரணம், 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் அளவுமுறைதான். கணினியின் முதன்மைச் சர்க்யூட் போர்டான மதர்போர்டின் துளைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்க இணைப்புகள் எந்தச் சாளரத்துக்குள் அடங்க வேண்டும், பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஸ்க்ரூக்கள் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அதில் பொதுவில் வரையறுக்கப்பட்டுவிட்டன. அந்த அளவுகளை மதிக்கும் எந்தப் பெட்டியும் கேபினெட் ஆகலாம்.

நான் பயன்படுத்தியது ஏ.டி.எக்ஸின் சிறிய வடிவமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ் மதர்போர்டு, 244 மி.மீ. சதுரம். பெட்டியின் அகலம் ஏறத்தாழ 355 மி.மீ. என்பதால், போர்டைப் பெட்டியின் அடித்தளத்தில் படுக்கவைத்து, இணைப்புகள் பின்சுவர் வழியாக வெளியே வரும்படி அமைத்தால், முன்பக்கத்தில் சுமார் 110 மி.மீ. அகலத்துக்கு ஓர் இடைவெளி மிஞ்சும். மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ. ஆகையால் அந்த இடைவெளியில் இரண்டு டிஸ்க்குகள் நீளவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிடுகின்றன. எஸ்.எம்.பி.எஸ் 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் 140 மி.மீ. நீளமும் கொண்டது. அதைப் பின்சுவரின் வலது மூலையில் வைத்தேன். போர்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் சேர்ந்து 394 மி.மீ. எடுத்துக்கொண்டாலும், 610 மி.மீ. நீளமுள்ள பெட்டியில் விசிறிகளுக்கும் கம்பிகளை வளைத்துக் கட்டுவதற்கும் தாராளமாக இடம் இருக்கிறது. இந்த அமைப்பு முழுவதையும் முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி, பெட்டிக்குள் பரப்பி, மூடியை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் தகரத்தில் கோடு போட்டேன்.

போர்டைத் தாங்கும் தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரங்குப் பெட்டியின் தகடு ஒரு மி.மீ.கூடத் தடிமன் இல்லாதது. அதில் நேரடியாக மரை போட்டால், போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சிறு கால்களான ஸ்டாண்ட்-ஆஃப் நிற்காது. நான்கு முறை ஸ்க்ரூவை முடுக்கினால் துளையே பெரிதாகிவிடும். பின்பக்க இணைப்புகளுக்கான சாளரம் 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. உயரமும் உடையது. விரிவாக்க அட்டைகளின் இடைவெளி 20.32 மி.மீ. இந்த அளவுகள் அரை மி.மீ. பிசகினாலும் இணைப்புத் தகடு உட்காராது. எனவே பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு கேபினெட்டிலிருந்து மதர்போர்டுத் தட்டையும் அதோடு சேர்ந்த பின்பக்கத் துண்டையும் மட்டும் வெட்டி எடுத்தேன். துல்லியம் வேண்டிய பகுதி தொழிற்சாலையில் அச்சில் அடித்ததாக இருக்கட்டும், மற்றதைக் கையால் செய்யலாம் என்பது என் கணக்கு. டிரங்குப் பெட்டியின் பின்சுவரில் அந்தத் துண்டைவிடச் சற்றுச் சிறிய சாளரத்தை வெட்டி, உள்பக்கத்திலிருந்து தட்டைப் பொருத்தி, 3.2 மி.மீ. அலுமினிய ரிவெட் அடித்தால், வெட்டின் கோணல்மாணல்கள் தட்டின் ஓரத்துக்குள் மறைந்துவிடுகின்றன. ரிவெட்டுக்கான துளை 3.3 மி.மீ. இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் பிடிமானம் தளரும்.

வெட்டும் முன் பெயிண்டைப் பற்றி யோசித்தாக வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பெட்டிகள் அதற்கு மிக முந்தியவை. ஆகையால் அதன் பச்சை, நீலப் பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு. உலர் நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கிரைண்டரால் சுரண்டுவதும் கூடவே கூடாது. நீர் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளைப் பயன்படுத்தி, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் புழங்காத இடத்தில் செய்ய வேண்டும். வழித்தெடுத்த சேற்றைப் பழைய துணியில் ஒற்றி எடுத்து உறையில் கட்டிவிட வேண்டும். தொட்டிச் செடிக்குப் போகும் தண்ணீரில் அதைக் கலந்துவிடக் கூடாது. நான் பெட்டியின் வெளிப்பக்கப் பெயிண்டைக் கூடியவரை தொடவே இல்லை. வெட்டும் இடங்களிலும் எர்த் இணைப்புக்கு உலோகம் தெரிய வேண்டிய இடங்களிலும் மட்டும் நீக்கினேன். ஒரு மூலையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்த பழைய முகவரி அப்படியே இருக்கிறது.

மெல்லிய தகட்டை ஜிக்சாவால் அறுக்கும்போது அது படபடவென்று ஆடி, பல்லில் சிக்கி, மடிந்துபோகும். தகட்டின் தடிமனுக்குள் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும் என்ற பட்டறை விதியை இவ்வளவு மெல்லிய தகட்டில் எந்த பிளேடாலும் நிறைவேற்ற முடியாது. அதனால் வெட்ட வேண்டிய இடத்தின் இருபுறமும் ஆறு மி.மீ. பிளைவுட் துண்டுகளை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, மூன்றையும் சேர்த்தே அறுத்தேன். தகடு அசையாமல் இருப்பதால் விளிம்பு நேராக வருகிறது. துளைகளுக்குச் சாதாரண டிரில் பிட் வேண்டாம். மெல்லிய தகட்டில் அது வட்டத்துக்குப் பதில் முக்கோணம் போன்ற துளையை உண்டாக்கும். படிப்படியாக விட்டம் கூடும் ஸ்டெப் டிரில் இந்த வேலைக்கென்றே பிறந்தது. கிரைண்டரைத் தவிர்த்ததற்குக் காரணம், அதன் பொறிகள் சுற்றியுள்ள பெயிண்டை எரித்துவிடும் என்பதோடு, நுண்ணிய இரும்புத் துகள் பெட்டியின் மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்துவிடும் என்பதும்தான். அந்தத் துகள் பின்னொரு நாள் காற்றில் எழும்பி மதர்போர்டின் இரண்டு கால்களுக்கு இடையே விழுந்தால் போதும், கணினியின் கதை முடிந்தது. வெட்டு வேலை அனைத்தும் முடிந்த பிறகு, பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மடிப்புகளில் காந்தத்தை ஓட்டித் துகள்களை எடுத்த பின்னரே மின்னணுப் பாகங்களை அதன் அருகே கொண்டுவந்தேன்.

வெட்டிய விளிம்புகளை அரைவட்ட அரத்தால் ராவி, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, அதன் மேல் கார் கதவுகளுக்குப் போடும் ரப்பர் பீடிங்கைச் செருகினேன். பிரைமர் பூசாவிட்டால் வெட்டிய இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலமே அதற்குப் போதும்.

அடுத்தது காற்று. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் தேவை. என் கணினியின் பிராசசர் 65 வாட் வகை, கிராஃபிக்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்குகளையும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் இழப்பையும் சேர்த்து, தாராளமாக 150 வாட் வெப்பம் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே புகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், 150ஐ 12,000ஆல் வகுக்க வேண்டும். விடை நொடிக்கு 0.0125 கன மீட்டர், அதாவது 12.5 லிட்டர். விசிறி உறைகளில் அச்சிடப்படும் அளவில் சொன்னால் நிமிடத்துக்குச் சுமார் 26 கன அடி. ஒரு நல்ல 120 மி.மீ. விசிறி திறந்த வெளியில் இதைவிட இரு மடங்கு தள்ளும். ஆனால் முன்னால் வடிகட்டியும் கம்பி வலையும் வைத்ததும் அது கணிசமாகக் குறைந்துவிடும். எனவே இடது ஓரச் சுவரில் காற்றை உள்ளிழுக்க இரண்டு விசிறிகளையும், வலது ஓரச் சுவரில் வெளியேற்ற ஒன்றையும் பொருத்தினேன். உள்ளிழுப்பவற்றுள் ஒன்று முன்பக்கத்து டிஸ்க்குகளின் மேல் வீசுகிறது, மற்றொன்று மதர்போர்டின் குறுக்கே. வலது மூலையிலுள்ள எஸ்.எம்.பி.எஸ் தன் விசிறி மேல்நோக்கி இருக்கும்படி அமர்ந்து, பெட்டிக்குள் மேலெழும் சூட்டை இழுத்துப் பின்னால் வெளியேற்றுகிறது. 120 மி.மீ. விசிறியின் ஸ்க்ரூத் துளைகளுக்கு இடையே 105 மி.மீ. இருக்க வேண்டும். நடுவட்டத்தை 114 மி.மீ. விட்டத்தில் வெட்டினால் தகடு காற்றை மறிக்காது.

வெளியேறும் காற்றைவிட உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருக்கும்படி வலப்பக்க விசிறியை மெதுவாகச் சுழலவைத்திருக்கிறேன். அப்போதுதான் பெட்டியின் சந்துகள் வழியே காற்று வெளியே கசியுமே தவிர, தூசி உள்ளே வராது. காற்று நுழையும் ஒரே வழியில் வடிகட்டியாக நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாக நீட்டி, ஓரங்களில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் வகைக் காந்தப் பட்டையைத் தைத்துவிட்டேன். பெட்டி இரும்பென்பதால் அது ஸ்க்ரூ இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. அலுமினியக் கேபினெட்டில் இந்த வசதி கிடைக்காது. பின்பக்கத்தில் பயன்படுத்தாத எல்லாத் திறப்புகளையும் அதே வலையால் அடைத்திருக்கிறேன். நம் வீடுகளில் பல்லிக்கும் எறும்புக்கும் மிதமான சூடுள்ள இருட்டு இடம் மிகவும் பிடித்தமானது என்பதை, பழைய டிவியைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்த வேலையில் நான் மிக அதிகக் கவனம் செலுத்தியது எர்த் இணைப்புக்குத்தான். இதே போன்ற பெட்டியைச் செய்ய நினைக்கிறவர்களிடம் வேறெதையும்விட இதை வலியுறுத்த விரும்புகிறேன். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் நுழையும் மின்சாரத்தின் இரண்டு கம்பிகளிலிருந்தும் அதன் உலோகக் கூட்டுக்குச் சிறிய மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலை வடிகட்டுவதற்காக உள்ளவை அவை. கூடு எர்த்தோடு சேர்ந்திருக்கும்வரை அவற்றின் வழியே கசியும் நுண்மின்னோட்டம் யாருக்கும் தெரியாமல் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டாலோ கூட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியாக, அதாவது 115 வோல்ட் அளவில், மிதந்துகொண்டிருக்கும். வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொடும்போது சுரீரென்று உறைப்பதற்குக் காரணம் இதுதான். இத்தனை பெரிய இரும்புப் பெட்டியில், அதுவும் குழந்தைகள் ஏறி உட்காரக்கூடிய உயரத்தில் இருக்கும் பெட்டியில், அதை அனுமதிக்கவே முடியாது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் கம்பி ஏதேனும் அறுந்து கூட்டைத் தொட்டுவிட்டால் எர்த் இல்லாத பெட்டி உயிரையே பறித்துவிடும்.

எனவே எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பின்சுவரோடு பிணைக்கும் நான்கு ஸ்க்ரூக்களின் இடத்திலும் பெயிண்டை நீக்கி, பற்கள் உள்ள நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கினேன். பெட்டிக்கும் மதர்போர்டுத் தட்டுக்கும் இடையே ரிவெட் இருந்தாலும், தனியாக ஒரு பச்சைக் கம்பியையும் நட்டு போல்ட்டால் பிணைத்தேன். மூடியை உடலோடு சேர்ப்பது கீல் மட்டுமே, அதில் பழைய பெயிண்டும் துருவும் மண்டிக் கிடக்கும், நம்ப முடியாது. ஆதலால் மூடியையும் உடலையும் பின்னல் செப்புக் கம்பியால் இணைத்தேன். பிறகு பவர் கார்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் மூன்றாவது முள்ளுக்கும் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூடிக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடை அளந்தேன். ஓர் ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் எல்லை, எல்லா இடத்திலும் அதற்குள் இருந்தது. பெட்டியின் எர்த் சரியாக இருந்தால் மட்டும் போதாது, சுவரிலுள்ள பிளக் பாயிண்டின் எர்த்தும் உண்மையில் நிலத்துக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் தண்ணீர் காணாமல் வறண்டுபோனால் இணைப்பு பெயரளவுக்குத்தான் மிஞ்சும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் சொந்தக் கூட்டை எந்த நிலையிலும் திறக்கக் கூடாது. அதற்குள் உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கலாம்.

சத்தம் அடுத்த சிக்கல். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு பெரிய, தட்டையான தகட்டை அடைந்தால், தோல் இழுத்துக் கட்டிய பறைபோல் மூடி முழுதும் சேர்ந்து முழங்கும். டிஸ்க்குகளைத் தகட்டில் நேரடியாகப் பிணைக்காமல், எல் வடிவப் பட்டைகளில் ரப்பர் வளையங்களுக்கு நடுவே தொங்கும்படி வைத்தேன். மூடியின் உள்பக்கத்திலும் இரு நீளச் சுவர்களிலும் கார்களின் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் அதிர்வுத் தடுப்புத் தாளை ஒட்டினேன். மலிவாகக் கிடைக்கும் தார் வகைத் தாள் நம் கோடையில் இளகி வாடை வீசும், அதைத் தவிர்ப்பது நல்லது. மூடி மூடும் விளிம்பில் பஞ்சுப் பட்டை ஒட்டியதும் கடகடப்பு அடியோடு நின்றது. காற்றும் அந்த விளிம்பில் வீணாகக் கசியவில்லை.

கணினியை இயக்கும் பொத்தானாக வீட்டு வாசலில் வைக்கும் காலிங் பெல் சுவிட்சைப் பயன்படுத்தினேன். மதர்போர்டுக்கு வேண்டியதெல்லாம் இரண்டு முனைகள் ஒரு நொடி சேர்ந்து பிரிவதுதான். காலிங் பெல் சுவிட்சும் அழுத்தும்போது மட்டும் இணைந்து, விட்டதும் பிரிகிறது. இந்த முனைகளில் இருப்பது சில வோல்ட் மட்டுமே, இரண்டு கம்பிகளை எந்தப் பக்கம் மாற்றிச் செருகினாலும் வேலை செய்யும். எல்.இ.டி விளக்குக்கு மட்டும் திசை உண்டு. கொண்டிக்குச் சற்று மேலே அந்தச் சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பெட்டிக்குக் கடையில் விற்கும் பளபளக்கும் உலோகப் பொத்தானைவிட இதுவே இயல்பாகப் பொருந்துகிறது.

இரும்புப் பெட்டி ரேடியோ அலைகளைத் தடுத்துவிடும் என்பதால், உள்ளே செருகிய சிறிய வைஃபை சாதனம் ஏறக்குறைய ஊமையாகிவிடும். ஆன்டெனாவைப் பின்பக்கத்தில் வெளியே நீட்டிக்கொள்ளும் மதர்போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது நெட்வொர்க் கேபிளையே பயன்படுத்த வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் கணினி என்பதால் நான் கேபிளைத் தேர்ந்தெடுத்தேன்.

அறையில் 33 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில், பிராசசரை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, அது 74 டிகிரியில் நிலைத்தது. டிஸ்க்குகள் 43, 44 டிகிரியில் இருந்தன. அதே சோதனையை மூடியைத் திறந்து வைத்துச் செய்தபோது டிஸ்க்குகள் 48 டிகிரி வரை ஏறின. திறந்து வைத்தால் குளிரும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது முரணாகத் தெரியலாம். ஆனால் மூடிய பெட்டியில் விசிறி தள்ளும் காற்றுக்கு டிஸ்க்குகளைக் கடந்தே வெளியேறும் கட்டாயம் இருக்கிறது, திறந்த பெட்டியில் அது பாதியிலேயே மேலெழுந்து கலைந்துவிடுகிறது. அதனால்தான் காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் எதிரெதிராக இருக்கும்படி முதலிலேயே திட்டமிடச் சொல்கிறேன். மூடியில் அழகுக்காகத் துளைகள் போட்டால் இந்த ஓட்டம் குலைந்துவிடும்.

தனி கிராஃபிக்ஸ் அட்டை வைக்க விரும்புகிறவர்களுக்கு இந்த அமைப்பு அப்படியே போதாது. அந்த அட்டையே 200 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழக்கூடும், அப்போது மேலே சொன்ன கணக்கின்படி காற்றின் தேவை இரு மடங்குக்கு மேல் ஆகும். அதற்கு வலப்பக்கத்தில் இரண்டாவது விசிறியும், அட்டைக்கு நேராக இன்னொரு உள்ளிழுக்கும் திறப்பும் வேண்டியிருக்கும். மைக்ரோ ஏ.டி.எக்ஸ் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை 27 அல்லது 30 அங்குல அளவில் தேர்ந்தெடுப்பது நல்லது. கொசுவலையை மாதம் ஒருமுறை கழற்றி, குழாய் நீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டினால் போதும். ஈரத்தோடு மாட்டிவிடக் கூடாது.